யூ வேலி காவிரிக் கரையில் வளருமா? – தோட்ட வேலி குறித்த வாசகர் கேள்விகள்

மேட்டூரில் தண்ணீர் திறந்த சேதி வந்ததுமே வேலிக் கடிதங்களும் வரத் தொடங்கிவிடும். இந்த முறை ஒரு கடிதம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அவன் தெருவில் வீட்டுக்கு வீடு, கரும்பச்சையில் சுவர் எழுப்பியதுபோல ஒரு செடிவேலி. யூ என்றார்கள். பனிக்காலத்திலும் இலை கொட்டவில்லை. அடுத்த முறை வரும்போது இரண்டு கன்று எடுத்துவரச் சொல்லட்டுமா? நம் மண்ணில் வருமா அம்மா?
– வாசகி, கும்பகோணம்

வராதம்மா. ஆசையாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் இதை நேராகச் சொல்வதுதான் முறை. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் அந்த வேலியின் முன்னால் நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், உள்ளே போனால் வழி தெரியாமல் சுற்றவேண்டிய புதிர்த் தோட்டம் ஒன்று உண்டு. அதுவும் யூ வேலிதான். அவ்வளவு அடர்த்தி, கையை நுழைக்க இடம் இருக்காது.

ஆனால் அது குளிரில் பிறந்து குளிரிலேயே ஆயுசைக் கழிக்கும் மரம். பனிக்காலத்தில் அடங்கிக் கிடந்து, வசந்தத்தில் துளிர்த்து, வருஷத்துக்கு ஓர் அடிக்கும் குறைவாகவே வளரும். நம் சித்திரை வைகாசியில் ராத்திரி பத்து மணிக்கும் மண்ணில் சூடு இருக்கிறது. அந்தச் சூட்டை அது தாங்காது. அதைவிடப் பெரிய பகை நம் ஐப்பசி, கார்த்திகை. யூவுக்கு வேரில் தண்ணீர் நிற்கவே கூடாது. இங்கிலாந்திலேயே தண்ணீர் வடியாத மூலையில் நட்ட யூ, வேர் அழுகிப் பழுத்துப் பட்டுப்போகிறது. கும்பகோணத்துக் களிமண்ணில் அடைமழைக்கு என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நம் நாட்டில் யூவே இல்லை என்று நினைக்க வேண்டாம். இமயமலைச் சரிவுகளில், 2,000 மீட்டருக்கு மேலே குளிர்ந்த காடுகளில் அதன் இன்னோர் இனம் இருக்கிறது. அதற்கு நேர்ந்தது வேறு கதை. அமெரிக்காவின் பசிபிக் கரையோர யூ மரப்பட்டையிலிருந்து மன்றோ வால், மன்சுக் வாணி என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு மருந்தைப் பிரித்தெடுத்து, 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். வாணி நம் நாட்டில் பிறந்தவர். டாக்சால் என்ற அந்த மருந்துக்கு 1992-இல் அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. அதன் பிறகு இமயமலை யூவின் பட்டையையும் இலையையும் மட்டுமீறி உரித்து, பல இடங்களில் அந்த மரமே அருகிப்போனது. இதற்கிடையே ஐரோப்பிய யூவின் இலையிலிருந்தே மருந்துக்கு மூலப்பொருள் எடுக்கும் வழியையும் கண்டுபிடித்திருந்தார்கள். இலையை வெட்டினால் மரம் சாவதில்லை. நீங்கள் பார்த்தது போன்ற வேலிகளில் கத்தரித்த தழையை இங்கிலாந்தில் இதற்காகவே சேகரித்ததும் உண்டு. எனக்கு இது பெரிய ஆறுதலான செய்தி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இலை, விதை, பட்டை எல்லாமே நஞ்சு. கொஞ்சம் மேய்ந்தாலும் மாடு இதயம் நின்று விழுந்துவிடும். மாடும் ஆடும் வாசலோரம் வாய் வைத்துக்கொண்டே போகிற தெருக்கள் நம்முடையவை. வளர்வதாகவே இருந்தாலும் இதை இங்கே நட நான் சம்மதிக்க மாட்டேன். தவிர, இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றிதழும் இல்லாமல் வெளிநாட்டுக் கன்றைக் கொண்டுவரக் கூடாது. மகனை அந்தச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம்.

அந்த ஊசியிலைத் தோற்றம்தான் மனசில் நிற்கிறது என்றால், சவுக்கை வேலியாக நட்டுப் பாருங்கள். ஓர் அடிக்கு ஒரு கன்று. தண்ணீர் நிற்காதபடி மண்ணை அணைத்து மேடாக்கி நடவேண்டும். இரண்டடி வளர்ந்ததுமே தலையைக் கிள்ளி, அடிக்கடி இளந்தளிரிலேயே கத்தரித்து வந்தால் மெத்தென்று அடர்ந்து நிற்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: முற்றவிட்டு, பிறகு கட்டையில் வெட்டினால் சவுக்கு சரியாகத் துளிர்க்காது.

நான் மாயவரத்துக்காரன். இங்கிலாந்தில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். பின்பக்கம் யூ வேலி, ஆள் உயரத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் பிதுங்கிப் பாதையை அடைத்துவிட்டது. வெட்டினால் பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. பிடுங்கிவிடலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

பிடுங்காதீர்கள் தம்பி. ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை பழைய கட்டையில் வெட்டினால் திரும்பத் துளிர்க்காது. யூ துளிர்க்கும். அதனால்தான் நூறு வருஷ வேலியையும் புதுப்பிக்க முடிகிறது.

எல்லாப் பக்கத்தையும் ஒரே நாளில் மொட்டையடிக்க வேண்டாம். கடுங்குளிர் போய், புதுத்துளிர் கிளம்புவதற்கு முன்னால், ஒரு பக்கத்தை மட்டும் நடுத்தண்டு வரைக்கும் ஒட்ட வெட்டுங்கள். பார்க்கப் பரிதாபமாக, வெறும் கழியாக நிற்கும், கலங்கவேண்டாம். மக்கிய உரத்தை அடியில் பரப்பி, மழை இல்லாத வாரங்களில் தண்ணீர் விடுங்கள். தண்டிலிருந்தே பச்சை அரும்பும். அந்தப் பக்கம் நன்றாக இலை மூடிய பிறகு, அடுத்த வருஷமோ அதற்கும் அடுத்த வருஷமோ மறுபக்கத்தை வெட்டுங்கள். உயரத்தைக் குறைப்பதையும் இப்படித் தனியாக ஒரு பருவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலியில் குருவி கூடு கட்டும் காலத்தில் கத்தரியை எடுக்கக் கூடாது. அந்த ஊரில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அதைப் பார்த்து நடக்கவேண்டும். வேலி ஒழுங்குக்கு வந்த பிறகு கோடை முடிகிற நேரத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை கத்தரித்தால் போதும்.

கத்தரிக்கும்போது அடி அகலமாகவும் தலை சற்றுக் குறுகலாகவும் இருக்கட்டும். தலை பெருத்தால் அடிக்கு வெளிச்சம் விழாது, கீழ்க்கிளை காய்ந்து ஓட்டை விழும். யூவோ நொச்சியோ மருதாணியோ, எந்த வேலிக்கும் இது பொருந்தும்.

குழந்தை விஷயத்தில் கவனம் வேண்டும். பெண்மரத்தில் சிவப்பாகக் குட்டிப் பழம் வரும். மேலே உள்ள சிவப்புச் சதையில் நஞ்சு இல்லை. உள்ளே இருக்கும் விதை கொடிய நஞ்சு. மூன்று வயசுக்கு அந்த வித்தியாசம் சொல்லித் தெரியாது. வருஷாவருஷம் கத்தரிக்கிற வேலியில் பழம் குறையும். அப்படியும் விழுந்ததைப் பெருக்கி எடுத்துவிடுங்கள். வேலியோரம் தனியாக விளையாட விடாதீர்கள். வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வெட்டிய தழையைப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் கொட்டவே கூடாது. காய்ந்த இலையிலும் நஞ்சு அப்படியே இருக்கும். குதிரையும் மாடும் அதைத் தின்று சாகின்றன.

சம்பா போட்ட வயலை மனையாக்கி வீடு கட்டியிருக்கிறோம். மழைக்காலத்தில் கணுக்கால் தண்ணீர் ஒரு வாரம் நிற்கும். இரண்டு தடவை செம்பருத்தி வேலி வைத்தும் அழுகிவிட்டது. சுவர் கட்டக் கையில் பணம் இல்லை.
– வாசகர், மன்னார்குடி

சுவர் வேண்டாம் ஐயா, நொச்சி இருக்கிறது. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வெள்ளத்தைப் பார்த்தே வளர்கிற செடி. எங்கள் நர்சரி குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. கரையோரம் நொச்சி வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தினமும் பார்க்கிறேன். பழந்தமிழர் கோட்டை காத்த வீரருக்கு நொச்சிப் பூவைத்தான் சூட்டினார்கள். காவலுக்கு அந்தச் செடியைத் தேர்ந்தவர்களுக்கு அதன் குணம் தெரிந்திருக்கிறது.

முதலில் வேலி ஓடும் இடத்தில் முழங்கால் உயரத்துக்கு வரப்பு எடுங்கள். வரப்புக்கு வெளியே ஒரு சிறு வாய்க்கால் பறித்து அந்த மண்ணையே வரப்பில் போட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். பிறகு விரல் பருமன், முழம் நீளத்தில் முற்றிய நொச்சிக் குச்சியாகப் பார்த்து வெட்டி, இரண்டு வரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்றாக ஓர் அடி இடைவெளியில் நடுங்கள். ஆடியில் நட்டுவிடவேண்டும். அப்போதுதான் ஐப்பசி மழைக்குள் வேர் ஓடியிருக்கும். புரட்டாசி கடைசியில் நட்ட குச்சி பெரும்பாலும் மழையில் அழுகிப்போகிறது. உங்கள் செம்பருத்திக்கும் அதுவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இடுப்பளவு வந்ததும் மனசைத் திடப்படுத்திக்கொண்டு முழங்கால் உயரத்தில் வெட்டிவிடுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். வெட்டாமல் விட்டால் மேலே ஓடி, கீழே நாய் நுழையும் சந்து விழும். வெட்டினால் அடியிலிருந்தே நாலைந்து கிளை வெடிக்கும். ஆடு கடிக்காது என்பது இதன் பெரிய நன்மை. கழித்த தழையை வயலுக்குத் தழையுரமாகப் போடலாம். காய்ந்த இலையை நெல் மூட்டைக்கு நடுவே வைத்தால் வண்டு அண்டாது. சளி பிடித்த வீட்டில் ஆவி பிடிக்கவும் வேலிதான் கைகொடுக்கும். ஒரே குறை, கோடையில் இலை சற்று மெலியும். அப்போது வாரம் ஒரு தடவை தண்ணீர் காட்டுங்கள்.

புது நகரில் மனை. ஆறே மாதத்தில் ஆள் உயரம் வரும் என்று கோனோகார்பஸ் கன்று கொடுத்தார்கள். சொன்னபடியே வளர்ந்துவிட்டது. இப்போது எடுக்கச் சொல்கிறார்களே, ஏன்?
– வாசகி, தஞ்சாவூர்

அந்த வேகத்துக்கு விலை மண்ணுக்குக் கீழே போகிறதம்மா. வேர் ஈரத்தைத் தேடிக் குடிநீர்க் குழாயிலும் சாக்கடையிலும் நுழைகிறது. மகரந்தத்தால் ஒவ்வாமையும் இளைப்பும் வருவதாகச் சொல்லி, 2023-இல் குஜராத் அரசு இதை நடத் தடை போட்டது. ஆப்பிரிக்காவின் வறண்ட கரையிலிருந்து வந்த மரம் இது. எங்கள் நர்சரியில் நான் விற்பதில்லை. கேட்டு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பியும் இருக்கிறேன்.

இப்போது சின்னதாக இருக்கும்போதே வேரோடு தோண்டி எடுங்கள். மேலே வெட்டினால் மட்டும் போதாது, கட்டை மறுபடி துளிர்க்கும். அந்த இடத்தில் மறைப்புக்கு நெட்டிலிங்கம், தாழ்ந்த வேலிக்கு மருதாணி. நெட்டிலிங்கம் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும், இடமும் அதிகம் பிடிக்காது. மருதாணியை எவ்வளவு கத்தரிக்கிறீர்களோ அவ்வளவு அடரும்; தண்ணீர் நிற்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கஜாவில் தென்னையோடு வேலியும் போனது. கடலோர மணல், உப்புத் தண்ணீர். எதை நட்டாலும் நுனி கருகுகிறது.
– வாசகர், வேதாரண்யம்

2018 நவம்பரில் உங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் அந்தப் புயல் கரையேறியது. அதில் விழுந்ததையும் நின்றதையும் கண்ணால் பார்த்தவர் நீங்கள். எந்த மரம் ஒடிந்தும் மறுபடி துளிர்த்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, அதன் போத்தை, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளையை, வாங்குங்கள். நான் சொல்லக்கூடியது பூவரசு. உப்புக்காற்றில் பிறந்த மரம் அது. கைப்பருமன் போத்தை மூன்றடிக்கு ஒன்றாக நட்டு, இடையில் களாச்செடி வையுங்கள். களா என்றும் பசுமை, முள்ளும் உண்டு. ஊறுகாய்க்குக் காயும் கிடைக்கும். கன்று பிடிக்கும் வரை கடல் பக்கமாகத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி உப்புக்காற்றைத் தடுங்கள். நுனி கருகுவது பெரும்பாலும் இந்தக் காற்றால்தான். குழிக்கு ஒரு கூடை மக்கிய சாணமும் குளத்து வண்டலும் போட்டால் மணலில் ஈரம் நிற்கும்.

செம்பருத்தி வேலியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. மருந்து அடிக்கப் பயமாக இருக்கிறது, பூவைச் சாமிக்குப் போடுகிறோம்.
– வாசகி, திருவாரூர்

அதிகம் பிடித்த நுனிகளை ஒடித்து எரித்துவிடுங்கள். மற்ற இடத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிரும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, சாயங்காலத்தில் இலைக்கு அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம். எறும்பு ஏறும் வழியையும் அடைக்கவேண்டும், பூச்சியைச் செடிக்குச் செடி சுமந்து போவது அதுதான். அடித்த மறுநாள் பூவை மட்டும் சாமிக்குப் பறிக்க வேண்டாம்.