ஹாங்காங்கில் ஷாப்பிங் போகும்போது கான்டனீஸ் உணவகத்தில் நம்மவர்கள் சாப்பிட முடியுமா?

தாராளமாகச் சாப்பிடலாம். கான்டனீஸ் என்றால் ஹாங்காங், குவாங்டாங் பக்கத்துச் சீனச் சமையல். நீங்கள் குடும்பத்தோடு போகிறீர்கள், கூட வருபவர்களில் ஒருவராவது சைவம் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

இதைக் கேட்டாலே நம் ஆட்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அங்கெல்லாம் போகாதே, நேதன் ரோட்டில் சங்கிங் மேன்ஷனில் ரொட்டி, பருப்பு கிடைக்கும்." இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த கட்டடம் அது, கிடைக்கும்தான். நானும் ராத்திரியில் அங்கே சாப்பிட்டிருக்கிறேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவு தூரம் போய், மூன்று வேளையும் அதையே சாப்பிட்டுவிட்டு "சீனச் சாப்பாடு நமக்கு ஒத்து வராது" என்று சொல்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்காது. வாயில் வைத்தே பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்?

நான் கோயம்புத்தூரில் ஆரி வேலை செய்யும் ப்ளவுஸ் கடை வைத்திருக்கிறேன். மணி, கல், லேஸ் வாங்க ஹாங்காங்கில் ஷாம் ஷுய் போ என்ற பகுதிக்குப் போவேன். அங்கே யூ சாவ் தெரு முழுக்க மணிக் கடைகள், கீ லுங் தெருவில் பட்டனும் துணியும், 'நாம் சியோங்' என்ற தெருவில் ரிப்பன். ஒரு முறை என் மாமியாரையும் கூட்டிப் போனேன். அவர் முட்டைகூடத் தொடமாட்டார். நான் ஆடு, கோழி, மீன், இறால் சாப்பிடுவேன், மாடும் பன்றியும் கிடையாது. இப்படி இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தோம் என்பதால்தான் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன்.

முதல் வேலை, தங்கும் ஹோட்டல் ரிசப்ஷனில் சொல்லி ஒரு அட்டையில் சீன எழுத்தில் எழுதி வாங்குங்கள். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, பன்றிக் கொழுப்பு, சிப்பி சாஸ் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் கீரை வரும், அதன் மேல் சிப்பி சாஸும் வரும். 1888 இல் லீ கும் ஷியுங் என்பவர் தென் சீனாவில் குவாங்டாங் பக்கம் உருவாக்கிய சாஸ் அது. அவர் தொடங்கிய லீ கும் கீ கம்பெனியின் பாட்டிலை நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டிலும் பார்த்திருப்பீர்கள். கான்டனீஸ் சமையலில் கீரைக்கு அதை ஊற்றுவது வழக்கம், யாரும் ஏமாற்றுவதில்லை.

நாங்கள் போனது ஒரு பழைய டீ ஹவுஸ், டீயோடு டிம் சம் என்ற சின்னச் சின்னப் பலகாரங்கள் சாப்பிடும் இடம். மாடியில் பெரிய ஹால், ஒரே இரைச்சல். தனி மேசை காலியில்லை. ஒரு வயதான தம்பதி இருந்த மேசையில் எங்களையும் உட்கார வைத்தார்கள். அங்கே அது சாதாரணம், சங்கடப்பட வேண்டாம். உட்கார்ந்ததும் என்ன டீ என்று கேட்பார்கள். "போ லேய்" என்றால் கறுப்பாக, மண் வாசனையோடு வரும். மல்லிகை டீயும் உண்டு. பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. அந்த அம்மா என் மாமியாரின் கோப்பை, கிண்ணம், சாப்ஸ்டிக் எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்து, சுடச்சுட டீயை ஊற்றிக் கழுவி, அந்தத் தண்ணீரைப் பெரிய கிண்ணத்தில் கொட்டி, துடைத்த மாதிரி சுத்தமாகத் திருப்பி வைத்தார். வீட்டில் அடுத்தவர் டம்ளரில் தண்ணீர் குடிக்காத என் மாமியாருக்கு அந்த ஒரு காரியத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் அந்தப் பெரியவர் டீ ஊற்றியதும் இரண்டு விரலை மடக்கி மேசையில் தட்டிக் காட்டினார். நன்றி சொல்வது அப்படித்தான். சீனாவின் சியென்லுங் சக்கரவர்த்தி மாறுவேடத்தில் போய்த் தன் ஆட்களுக்கு டீ ஊற்றினாராம், அவர்கள் விழுந்து கும்பிட்டால் வேஷம் கலைந்துவிடும் என்பதால் விரலால் கும்பிட்டார்களாம். இப்படி ஒரு கதை சொல்வார்கள். டீ தீர்ந்தால் கெட்டில் மூடியைச் சரித்து வைத்தால் போதும், தானாக வந்து வெந்நீர் ஊற்றுவார்கள்.

ஆர்டருக்கு ஒரு தாளும் பென்சிலும் தருவார்கள், வேண்டியதற்கு டிக் போட வேண்டும். என் மாமியார் படத்தைப் பார்த்து முள்ளங்கிக் கேக்கைக் காட்டினார். பரிமாறும் பெண் எங்கள் அட்டையை இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டு, தலையாட்டி, அந்த டிக்கைப் பென்சிலால் அடித்தார். அதில் சீன சாசேஜும் உலர்ந்த இறாலும் போடுவார்கள். அவ்வளவு கூட்டத்தில், பாஷை தெரியாத இரண்டு பேருக்காக நின்று படித்தார் பாருங்கள், அதை நான் மறக்க மாட்டேன். "அந்த ஊரில் பரிமாறுபவர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்" என்று எழுதுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அவர்கள் எல்லோரிடமும் சத்தமாக, வேகமாகத்தான் பேசுகிறார்கள். நம்மை மட்டும் அவமதிக்கவில்லை.

மாமியாருக்கு உள்ளே எதுவும் வைக்காத சோங் ஃபன் வந்தது. அரிசி மாவை மெல்லிய துணி போல ஆவியில் வேகவைத்துச் சுருட்டியது. விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, "அரிசி மாவுதானே, நம்ம இலை அடை மாதிரி இருக்கு" என்றவர், இரண்டாவது தட்டும் கேட்டார். லோ ஹான் சாய் என்று காளான், டோஃபு, காய்கள் போட்ட கூட்டு, சிப்பி சாஸ் இல்லாமல் செய்து கொடுத்தார்கள். வெறும் சாதமும் உண்டு. எனக்கு ஹா காவ், அதாவது ஆவியில் வெந்த இறால் கொழுக்கட்டை. உள்ளே இருக்கும் இறாலின் சிவப்பு வெளியே தெரியும் அளவுக்கு மேல் தோல் கண்ணாடி போல் இருக்கும். சாப்ஸ்டிக்கில் எடுக்கும்போது கிழியாமல் இருந்தால் அது நல்ல கை. சியூ மாய் என்ற கொழுக்கட்டையில் பன்றி உண்டு, சார் சியூ பாவ் என்ற பன்னுக்குள் முழுக்கப் பன்றி. அந்த இரண்டையும் விட்டுவிட்டேன்.

"அதே அடுப்பு, அதே பாத்திரம்தானே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அது உங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ளாது என்றால் டைமண்ட் ஹில் பகுதியில் 'நான் லியான்' என்ற பூங்காவுக்குள் சி லின் புத்த மடத்தார் நடத்தும் சைவ உணவகத்துக்குப் போங்கள். லாண்டாவ் தீவில் பெரிய புத்தர் சிலைக்குப் பக்கத்தில் போ லின் மடத்திலும் சைவச் சாப்பாடு உண்டு. புத்த மடத்துச் சமையல் என்பதால் வெங்காயம், பூண்டுகூட ஒதுக்குவார்கள். யாரையும் கட்டாயப்படுத்தி டீ ஹவுஸுக்குள் தள்ள நான் இதை எழுதவில்லை.

சரி, வாய் திறந்ததற்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்படி அலைந்து, தெருத்தெருவாக மணி பொறுக்கி, விமானத்தில் எடைக்குப் பயந்து பயந்து கொண்டு வந்து கடையில் வைத்தால், "இது ஆன்லைனில் பாதி விலைக்கு வருதே" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆன்லைனில் அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் பிளாஸ்டிக். இரண்டு முறை துவைத்தால் பூச்சு போய்விடும். அதைவிட, கழுத்துக்கும் கைக்கும் ஆரி போட்டு முடிக்க என் கடைப் பெண்கள் நாள் கணக்கில் குனிந்தே உட்கார்ந்திருக்கிறார்கள், அந்தக் கூலியில் பேரம் பேசுவதுதான் மனசு வலிக்கிறது. ஹோட்டலில் பில்லைப் பார்த்துப் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோமே, தையல் கூலியில் மட்டும் ஏன் குறைக்கச் சொல்கிறோம்?

பில் என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் கேட்காமலே டீக்குத் தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். முதலில் வைக்கும் வேர்க்கடலை, ஊறுகாய்த் தட்டுக்கும் காசு உண்டு, வேண்டாம் என்றால் உடனே எடுத்துப் போகச் சொல்லலாம். பெரும்பாலும் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் சேரும். விற்பனை வரி கிடையாது. மதியம் 2 மணிக்கு மேல் பல இடங்களில் டிம் சம் விலை குறையும், ஆனால் ஷாப்பிங் போகிறவர்களுக்குக் காலைதான் நல்லது. 9 மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால் மணிக் கடைகள் திறக்கும் நேரத்துக்குக் கீழே இறங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஊரே குடும்பத்தோடு சாப்பிட வந்திருக்கும், சில மொத்தக் கடைகளும் மூடியிருக்கும்.