வழக்கை எந்த ஊரில் போடுவது?

அமெரிக்க ஃபெடரல் (மத்திய) நீதிமன்ற சிவில் வழக்குகள் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். ஒஹாயோவில், கொலம்பஸ் அருகே என் கார்மீது மோதியவர் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்காரர். என் ஊரிலேயே வழக்குப் போடலாமா?

பதில்: அடிபட்டவர் நீங்கள், சிகிச்சையும் உங்கள் ஊரில்தான். ஆனாலும் வாதி எங்கே குடியிருக்கிறார் என்று சட்டம் கேட்பதில்லை. பிரதிவாதி வசிக்கும் மாவட்டம் (ஒரு ஃபெடரல் நீதிமன்றத்தின் எல்லைப் பகுதி) அல்லது சம்பவத்தின் கணிசமான பகுதி நடந்த மாவட்டம், இவற்றில் ஒன்றைத்தான் கேட்கிறது. எனவே உங்களுக்கு மேற்குப் பென்சில்வேனியா அல்லது தெற்கு ஒஹாயோ. விபத்தில் இன்னொரு காரும் சிக்கி, அதன் ஓட்டுநரான நியூயார்க் மாநில பஃபலோக்காரரையும் சேர்த்தால் பென்சில்வேனியாவும் கைவிட்டுப் போகும். வசிப்பிடத்தைக் காட்டி வழக்குப் போட, பிரதிவாதிகள் எல்லோரும் ஒரே மாநிலத்தவராக இருக்க வேண்டும். ஃபெடரல் நீதிமன்றம் இதை ஏற்க, கோரும் தொகை 75,000 டாலரைத் தாண்டவும் வேண்டும். இல்லையேல் மாநில நீதிமன்றம்தான்.

தவறான ஊரில் போட்டால் தள்ளுபடி செய்வதா, சரியான ஊருக்கு மாற்றுவதா என்பது நீதிபதியின் முடிவு. காலவரம்பு முடியும் தறுவாயில் இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

கேள்வி: வேறு ஊரில் என்மீது போட்ட வழக்குக்கு இரண்டு வாரம் முன்பு பதிலுரை கொடுத்துவிட்டேன். இடம் தவறு என்று இப்போது சொல்லலாமா?

பதில்: உடனே வக்கீலைப் பாருங்கள். முதல் மனுவிலோ பதிலுரையிலோ எழுப்பாத இட ஆட்சேபம் செத்துப்போகும். நல்ல வக்கீல்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு சிறு வழி உண்டு. வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரி ஏற்கெனவே மனு போடாதிருந்தால், பதிலுரையை எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பித்த 21 நாளுக்குள் அனுமதி கேட்காமலே ஒருமுறை திருத்தலாம். ஆட்சேபத்தை அதில் சேருங்கள். அதுவும் தப்பினால், சாட்சிகளின் வசதியைக் காட்டி மாற்றம் கேட்கலாம். ஆனால் அது நீதிபதியின் விருப்புரிமை.

கேள்வி: ஒப்பந்தத்தில் வர்ஜீனியா நீதிமன்றம் என்று இருக்கிறது. வேலை நடந்தது டெக்சாஸில். எது செல்லும்?

பதில்: ஏறக்குறைய இதே கதை 2013இல் உச்ச நீதிமன்றத்தில் ‘அட்லாண்டிக் மரீன்’ வழக்காக வந்தது. டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட் ராணுவ முகாமில் கட்டட வேலை, ஒப்பந்தத்தில் வர்ஜீனியா. அந்த ஷரத்தால் டெக்சாஸ் ‘தவறான இடம்’ ஆகிவிடாது என்றது நீதிமன்றம். ஆனால் வர்ஜீனியாவுக்கு மாற்றக் கோரினால், மிக அபூர்வமான நிலை தவிர ஷரத்துதான் வெல்லும். இன்னொரு அடியும் உண்டு. பிரதிவாதியின் வசதிக்காக மாறும் வழக்கோடு பழைய மாநிலத்தின் சட்டமும் கூடவே போகும். ஷரத்தை மீறிப் போட்டவருக்கு அந்தச் சலுகை இல்லை. கையெழுத்துப் போடும் அன்றைக்குக் கடைசிப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்!

கேள்வி: பிரதிவாதி அமெரிக்காவிலேயே வசிப்பதில்லை என்றால்?

பதில்: எந்த மாவட்டத்திலும் போடலாம். ஆனால் அவர்மீது அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பது தனிக் கேள்வி; பல வழக்குகள் தடுக்கி விழுவது அங்கேதான்.