காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை பாய்மரப் படகில் போனால் கடல் பிராணிகளால் ஆபத்து உண்டா?

ஸ்பெயின் பக்கம் ஓர்காக்கள் (கொலைத் திமிங்கலங்கள்) பாய்மரப் படகை உடைக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, நம்ம கடலிலும் அப்படி நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்காது என்றே சொல்வேன். அந்தக் கதை 2020-லிருந்து ஜிப்ரால்டர் நீரிணையிலும் ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரமும் நடப்பது. சூரை மீன் பின்னால் சுற்றும் ஒரு சின்னக் கூட்டம்தான் அது, குறி படகைத் திருப்பும் சுக்கான்மேல். சில படகுகள் மூழ்கியும் இருக்கின்றன. விளையாட்டுக்குச் செய்கின்றனவா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இன்னும் முடிவில்லை. அதனால் அங்கே போகிறவர்களுக்கு, 20 மீட்டருக்குக் குறைவான ஆழத்தில், கரையை ஒட்டிப் போகச் சொல்கிறார்கள்.

அந்த அறிவுரையை மட்டும் இங்கே கொண்டுவந்துவிடாதீர்கள். வடசென்னையில் வம்பே கரையோரத்தில்தான். எண்ணூர், காட்டுப்பள்ளி என்று துறைமுகச் சுவர்கள் ஒருபக்கம், அலை உடைகிற இடம் ஒருபக்கம், நடுவில் எங்கே பார்த்தாலும் வலை. மிதவையாக ஒரு தெர்மோகோல் துண்டு மட்டும் ஆடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் போகும்வரை தெரியாது. வலை சுக்கானில் சுற்றிக்கொண்டால் உடனே தண்ணீருக்குள் கையை விடத் தோன்றும். விடாதீர்கள். மீனோடு கடல் பாம்பும் அந்த வலையில் மாட்டியிருக்கலாம். தண்ணீரில் அது பெரும்பாலும் தன் வழியில் போய்விடும், வலையில் சிக்கி நசுங்கும்போதுதான் கடிக்கும். கடித்த இடத்தில் வலியே பெரிதாகத் தெரியாது. சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் வலித்து, சிறுநீர் கருத்துப் போகும். நல்ல பாம்பு, விரியன் கடிக்கு நம் ஆஸ்பத்திரிகளில் போடும் விஷமுறிவு மருந்து இதற்குக் கேட்காது, அதனால் கடி பட்டால் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். வலையை அறுத்துவிட்டால் பாம்பிடம் தப்பினாலும் கரையில் பஞ்சாயத்து நிச்சயம் (அதுவும் நியாயம்தான், வலை அவர்கள் காசு). கையை ஆட்டிப் பக்கத்துப் படகுக்காரரைக் கூப்பிடுங்கள், இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

எனக்கு உண்மையில் பயம் காட்டியது முரல் மீன். என் மாமாவின் பைபர் படகில் ஒரு நாள் ராத்திரி போயிருந்தேன். இருட்டில் கயிறு தேடுவதற்காக, நெற்றியில் கட்டிய லைட்டைப் போட்டேன். மாமா "டேய், அணைடா" என்று கத்துவதற்குள் காதோரம் ஏதோ சர்ரென்று போனது. திரும்பிப் பார்த்தால் பின்னால் இருந்த ஐஸ் பெட்டியின் தெர்மோகோலில் அலகு ஏறி நிற்க, ஒரு முரல் வாலைப் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு விரல் தள்ளிப் போயிருந்தால் என் கழுத்து. வெளிச்சத்தைப் பார்த்தால் அது தண்ணீருக்கு மேலே பாய்ந்து வரும், அலகு ஊசி மாதிரி. ராத்திரியில் படகின் சட்டப்படியான விளக்குகள் எரிந்தே ஆக வேண்டும், அதில் சமாதானம் கிடையாது. ஆனால் டார்ச்சை விளிம்புக்கு வெளியே அடிக்காதீர்கள், தலையில் கட்டவே கட்டாதீர்கள்.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பற்றிச் சொல்ல அதிகமில்லை, நீரில் இறங்காதவரை தொந்தரவில்லை. ஓங்கில் (டால்பின்) கூட வந்தால் பார்த்து ரசியுங்கள்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை போவதாக இருந்தால் ஆமை விஷயம் உண்டு. முட்டையிடப் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) கரைக்கு வரும் காலம். 2025 ஜனவரியில் சென்னைப் பக்கக் கரையில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் செத்து ஒதுங்கின. உயிரோடு இருப்பவை மூச்சு விட மேலே வந்து, தேங்காய் மட்டை மாதிரி மிதக்கும். பாயில் போகும்போது பெரிய ஆபத்தில்லை. வாடைக் காற்று எதிரில் அடித்து வேறு வழியில்லாமல் இன்ஜின் போட்டுப் போகிறீர்கள் என்றால், முன்னால் ஒருவரை உட்கார வைத்துவிடுங்கள். மட்டையோ ஆமையோ, சந்தேகம் வந்தால் கியரை எடுத்துவிட்டு அது தாண்டும்வரை மிதந்து போங்கள்.

அப்புறம், பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளூர்ப் படகு ஒன்று உள்ளே போகும்வரை வெளியே காத்திருந்து, அதன் பின்னாலேயே போங்கள்.