தினமும் யோகா செய்கிறவருக்குத் தெரபியும் தேவைப்படுமா?

“இரண்டு வருடமாக யோகா செய்கிறேன். தூக்கம் பரவாயில்லை, ஆனால் மனப் பதற்றம் முழுதாகப் போகவில்லை. தெரபிக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா, ஒன்றை விட்டுவிட வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதையும் விட வேண்டாம். நான் நான்கு வருடமாக இரண்டையும் செய்துவருகிறேன். ஆனால் காலையில் ஆசனம், வாரம் ஒருமுறை தெரபி என்று ஒன்றுக்கொன்று தெரியாமல் நடத்தினால் பாதிப் பலன்தான் கிடைக்கும். முதல் எட்டு மாதம் நான் அப்படித்தான் நடத்தினேன்.

அப்பா இறந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். அப்போதுதான் யோகா வகுப்பில் சேர்ந்தேன். ஒரே மாதத்தில் தூக்கம் திரும்பியது. அதன் காரணம் பிறகு புரிந்தது. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், வெளியே விடும்போது குறையும். வேகஸ் என்ற நரம்பு வழியாக நடக்கும் வேலை இது. சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை ஆறு அளவுக்குக் குறைத்து, வெளிமூச்சை நீட்டினால் உடம்பு தானாக அடங்கத் தொடங்குகிறது. இது யோகாவின் உண்மையான பலம், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

ஆனாலும் படபடப்பு மறுபடி மறுபடி வந்துகொண்டே இருந்தது. சரி என்று ஒரு தெரபிஸ்டிடம் போனேன். நான்காவது சந்திப்போ ஐந்தாவதோ, அவர் மெதுவாகச் சொன்னார்: “அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்ததும் நீங்கள் மூச்சை எண்ண ஆரம்பித்துவிடுகிறீர்கள், கவனித்தீர்களா?”

நான் கவனிக்கவே இல்லை. அழுகை தொண்டை வரை வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்து அதைக் கீழே தள்ளப் பழகியிருந்தேன். வகுப்பில் எனக்கு “ரொம்ப அமைதியானவர்” என்ற பெயர் வேறு. ஆன்மிகப் பயிற்சியைப் பிடித்துக்கொண்டு மனக்காயத்தைத் தொடாமல் சுற்றிப் போகிற இந்தப் பழக்கத்துக்கு, ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களிலேயே ஒரு பெயர் வைத்திருக்கிறார். அவ்வளவு பரவலான பழக்கம் அது. உங்கள் பதற்றமும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த நேரத்தில் நீங்கள் யோகா விரிப்பைத் தேடிப் போகிறீர்கள் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

எனக்கு இரண்டும் ஒன்று சேர்ந்தது சவாசனத்தில்தான். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிச் சவாசனத்துக்கு முன்பே ஏதாவது வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விடுவேன். எட்டாவது மாதம் தெரபியில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அந்த ஆசனத்தின் பெயருக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்பாவைக் கிடத்தியிருந்த மாதிரியேதான் நானும் கிடக்க வேண்டும்: மல்லாந்து, கை கால் தளர்ந்து, கண் மூடி. அந்தச் சொல்லைத் தினமும் காதில் வாங்கியும், என் உடம்பு அதிலிருந்து ஓடுவது எனக்குத் தெரியவில்லை. அன்றுதான் அப்பா இறந்த நாளை முதன்முறையாக முழுதாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஆசனப் பயிற்சியும் சிகிச்சைக்குள் வந்தது. ஒருக்களித்துப் படுத்து, கண்ணைத் திறந்தபடி இரண்டு நிமிடம். நெஞ்சில் என்ன நடக்கிறது, தாடை இறுகுகிறதா என்று கவனித்து, அடுத்த சந்திப்பில் அதைப் பேசுவேன். அப்புறம் நான்கு நிமிடம். யோகா ஆசிரியரிடம் கதை எதையும் சொல்லவில்லை. “சவாசனத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறேன்” என்று மட்டும் சொன்னேன், சம்மதித்தார். முன்பெல்லாம் “இந்தத் துக்கம் உடம்பில் எங்கே தெரிகிறது?” என்று தெரபிஸ்ட் கேட்டால் விழிப்பேன். இப்போது என்னால் சொல்ல முடிகிறது. உடம்பைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தது யோகாதான்.

ஆய்வுகளும் இருக்கின்றன. பல வருட சிகிச்சைக்குப் பிறகும் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயிலிருந்து (PTSD) மீளாத 64 பெண்களை வைத்து மனநல மருத்துவர் வான் டெர் கோல்க் குழுவினர் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. சிகிச்சைக்குத் துணையாக வாரம் ஒரு மணி நேரம், பத்து வாரம் யோகா செய்தவர்களில் 52 விழுக்காட்டினர் அந்த நோயின் வரையறைக்குள் வராத அளவுக்குத் தேறினார்கள். உடல்நலக் கல்வி வகுப்புக்குப் போனவர்களில் அப்படித் தேறியவர்கள் 21 விழுக்காடு. உங்கள் கேள்விக்கு நெருக்கமானது 2020இல் வந்த இன்னொன்று. பதற்ற நோய் உள்ள 226 பேரில், 12 வாரத்தில் தேறியவர்கள், நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் தெரபியான அறிதல் நடத்தை சிகிச்சையில் சுமார் 71 விழுக்காடு, குண்டலினி யோகாவில் 54, மன அழுத்தம் பற்றிய வெறும் வகுப்பில் 33. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த வகுப்பைவிடத் தெளிவாக மேலே நின்றது சிகிச்சை மட்டுமே. இதில் இரண்டையும் சேர்த்துச் சோதிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் பதற்றத்துக்கு யோகாவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில விஷயங்களில் கவனமாக இருங்கள். திடீர்ப் பீதி வருகிறவர்களுக்குக் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகள் அதே படபடப்பைக் கிளப்பிவிடலாம். ஆசிரியர் தொட்டுத் திருத்துவது பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதைக் குறைப்பதும் நிறுத்துவதும் மனநல மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். “யோகா போதும், மருந்தை விட்டுவிடு” என்கிற ஆசிரியரை விட்டுவிடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் மூச்சுப் பயிற்சியில் அதைச் சமாளிக்கப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

முதல் சந்திப்பிலேயே யோகா செய்கிறேன் என்று தெரபிஸ்டிடம் சொல்லிவிடுங்கள். எந்த ஆசனம் பிடிக்கும் என்பதோடு, எதைத் தவிர்க்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நான் அதைச் சொல்ல எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். இப்போது மல்லாந்து பத்து நிமிடம் படுக்க முடிகிறது. சில நாள் அழுகை வரும். மூச்சை எண்ணாமல் அழுதுவிட்டு எழுந்திருக்கிறேன்.