எத்தனால் எரிபொருள்: லிட்டர் விலையை மட்டும் பார்க்காதீர்கள்

கேள்வி: பெட்ரோலோடு 85 சதவீதம் வரை எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்த இ85 எரிபொருள் லிட்டருக்குப் பெட்ரோலைவிட விலை குறைவாக இருக்கிறது. செடியிலிருந்து வருவதால் சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்கிறார்கள். என் காரில் போடலாமா?

பதில்: பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறத்தையும் காரோடு வந்த கையேட்டையும் முதலில் பாருங்கள். இ10, இ20, இ85 என்று ஏதாவது குறித்திருக்கும். உங்கள் வண்டி ஏற்கும் எத்தனாலின் உச்ச சதவீதம் அது. இ85 வேண்டுமென்றால் அது பெட்ரோலிலும் எத்தனால் கலவையிலும் ஓடும் ‘ஃபிளெக்ஸ் ஃபியூயல்’ வண்டியாக இருந்தே ஆக வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால் அதே அளவு காற்றுக்கு எத்தனாலை அதிகமாகச் செலுத்த வேண்டும். ஃபிளெக்ஸ் வண்டி கலவையை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். சாதாரண வண்டியால் அந்த அளவுக்கு ஈடுகட்ட முடியாது. எஞ்சின் திணறும், ரப்பர் குழாய்களும் சீல்களும் கெடலாம்.

வண்டி ஏற்கும் என்றால் அடுத்தது கணக்கு. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் மைலேஜ் இ10-இல் சுமார் 3 சதவீதமும், இ85-இல் கால்பங்கு அல்லது அதற்கு மேலும் குறையும். 1975 முதல் அரசுத் திட்டமாகவே கரும்பு எத்தனாலை வளர்த்த பிரேசிலில் ஓட்டுநர்கள் பெட்ரோல் பங்கிலேயே ஒரு கணக்குப் போடுவார்கள்: எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் லாபம். நீங்களும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், இரண்டையும் தனித்தனியே முழு டேங்க் நிரப்பி ஓட்டி, கிலோமீட்டருக்கு ஆகும் செலவை ஒப்பிடுங்கள். எத்தனாலின் ஆக்டேன் அளவு (எஞ்சினில் தட்டல் வராமல் எரியும் திறன்) அதிகம் என்பது உண்மை. ஆனால் அதற்கேற்ற எஞ்சின் இல்லாவிட்டால் பெரிய பலன் இல்லை.

சுற்றுச்சூழல் விஷயத்தில் எல்லா எத்தனாலும் ஒன்றல்ல. கரும்பாலை தன் சக்கையையே எரித்து இயங்குவதால் அங்கே புதைபடிவ எரிபொருள் குறைவாகவே செலவாகிறது. மக்காச்சோளத்துக்கு உரம் நிறைய வேண்டும். ஆலையை நடத்த இயற்கை எரிவாயு எரிகிறது. காட்டை அழித்துப் பயிர் வைத்தால் ‘புதுப்பிக்கத்தக்கது’ என்ற பெயருக்கே பொருளில்லை. எந்தப் பயிரிலிருந்து வந்தது என்று பெட்ரோல் பங்கில் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் பழைய பைக்கில் எத்தனால் கலந்த பெட்ரோல் இருக்கலாமா?

பதில்: வேண்டாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதை நிரப்புங்கள். இல்லையென்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். ஏற்கெனவே பிரிந்துவிட்டதைக் குலுக்கியோ மருந்து ஊற்றியோ சரிசெய்ய நினைக்காதீர்கள், முழுவதையும் வடித்துவிடுங்கள்.