பழைய டி-ஷர்ட்டிலிருந்து வீட்டுக்கு வேண்டியவை: கேள்வி பதில்

பழைய டி-ஷர்ட்டுகளை வெட்டிப் பொருள்கள் செய்யத் தொடங்கிய பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலான சிக்கல்களுக்குத் துணியின் குணம் பிடிபடாததே காரணம்.

கேள்வி: எனக்குத் தைக்கத் தெரியாது. முதலில் எதைச் செய்து பார்க்கலாம்?

பதில்: துணிப்பை. கைகளைத் தையலோடு வெட்டி நீக்கிவிட்டு, கழுத்தை ஆழமாக வளைத்து வெட்டுங்கள். தோள்பட்டைதான் கைப்பிடி. அங்குள்ள தையலைத் தொட வேண்டாம், பையின் பலமே அதில்தான் இருக்கிறது. அடிப்பக்கத்தில் முன்னும் பின்னும் சேர்த்து 2 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளத்தில் குஞ்சங்கள் வெட்டி, முன்குஞ்சத்தைப் பின்குஞ்சத்தோடு முடிச்சிடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், பிறகு முடிச்சுகளின் இடைவெளியில் பொருள் விழுகிறது என்கிறார்கள். ஒவ்வொரு முடிச்சின் ஒரு வாலையும் பக்கத்து முடிச்சின் வாலோடு கட்டினால் அந்த ஓட்டை அடைபடும். பாரம் ஏறினால் பை நீளும். அதனால் குட்டையான டி-ஷர்ட்டே இதற்கு நல்லது.

கேள்வி: வெட்டிய ஓரத்தை மடித்துத் தைக்காவிட்டால் பிரிந்துவிடாதா?

பதில்: பிரியாது. இது பனியன் துணி, ஒன்றுக்குள் ஒன்று கோத்த வளையங்களால் ஆனது. நெசவுத் துணியைப் போல ஓரத்திலிருந்து இழை இழையாகக் கழன்று வராது, சுருண்டுகொள்ளும்.

கேள்வி: மிதியடி பின்ன நீளமான நாடா வேண்டும். துண்டுகளை முடிச்சிட்டால் மேடு மேடாக வருகிறது.

பதில்: ஒரு டி-ஷர்ட்டிலிருந்து ஒரே நாடாவை எடுத்துவிடலாம். அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டுங்கள், கீழ் விளிம்பின் மடிப்பையும் நீக்குங்கள். இருபுறமும் திறந்த உறைபோல ஒன்று கிடைக்கும். பக்கவாட்டில் தையல் இல்லாத டி-ஷர்ட் அமைந்தால் இன்னும் நல்லது. அதைக் கிடையாக விரித்து, ஒரு பக்க ஓரத்திலிருந்து எதிர் ஓரத்தை நோக்கி 2 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டிக்கொண்டே போங்கள். எதிர் ஓரத்துக்கு 3 செ.மீ. முன்பே ஒவ்வொரு வெட்டையும் நிறுத்திவிட வேண்டும்.

இனி அந்த வெட்டாத பகுதியை விரித்து வைத்தால், முதுகெலும்பிலிருந்து விலா எலும்புகள் பிரிவதுபோல இருபுறமும் பட்டைகள் தொங்கும். அங்கே நேராக வெட்டினால் தனித்தனி வளையங்களாகிவிடும். சாய்வாக வெட்டுங்கள்: முதலில் வெளியோரத்திலிருந்து எதிர்ப்பக்கத்தின் முதல் வெட்டுக்கு, அடுத்து இந்தப் பக்கத்து முதல் வெட்டிலிருந்து அந்தப் பக்கத்து இரண்டாவதுக்கு, இப்படியே கடைசிவரை. பிறகு ஒரு முழம் ஒரு முழமாகப் பிடித்து இழுங்கள். தட்டையான பட்டை கைக்குள்ளேயே சுருண்டு, உருண்ட கயிறாக மாறுவதைப் பார்க்கலாம். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்காத கணம் அது.

கேள்வி: பின்னலை வட்டமாகச் சுற்றித் தைத்தேன். மிதியடி கிண்ணம்போல் குழிகிறது.

பதில்: தைக்கும்போது பின்னலை இழுக்கிறீர்கள். வெளிச்சுற்றுக்கு உள்சுற்றைவிட அதிக நீளம் வேண்டும். மடியில் வைத்துத் தைக்காமல் மேஜைமேல் படுக்கப்போட்டுத் தையுங்கள். ஓரம் அலை அலையாக எழுந்தால், தளர்வு கூடிவிட்டது என்று பொருள்.

கேள்வி: விளையாட்டு டி-ஷர்ட்டில் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. அவற்றில் பெரும்பாலானவை பாலியஸ்டர். சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். துணி எதுவென்று ஐயமாக இருந்தால், ஓரத்தில் சிறு இழையை வெட்டி இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து உதிரும் சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். பருத்தியானாலும் பல மடிப்பு வேண்டும், ஈரமாக இருக்கும்போது பிடிக்கவே கூடாது. ஈரத்துணி சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும்.

கேள்வி: துடைப்பதற்காக வெட்டிய துணி தண்ணீரை உறிஞ்சுவதில்லை.

பதில்: படம் அச்சிட்ட பகுதியா? அந்த மை உறிஞ்சாது, வெட்டி நீக்குங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். சோப்புத் தூள் மட்டும் போட்டு இரண்டு மூன்று முறை துவைத்துப் பாருங்கள்.

கேள்வி: மெஷினில் தையல் விட்டு விட்டு விழுகிறது.

பதில்: ஊசியை மாற்றுங்கள். பனியன் துணிக்கென்று நுனி மழுங்கிய ஊசி உண்டு. அது வளையங்களைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு இறங்கும். நேர்த்தையலுக்குப் பதிலாகக் குறுகிய ஜிக்ஜாக் போடுங்கள், துணி இழுபடும்போது நூல் அறாது.

கேள்வி: மறைந்த அப்பாவின் டி-ஷர்ட். தலையணை உறையாக்க ஆசை, கத்தரி வைக்க மனம் வரவில்லை.

பதில்: வெட்டவே வேண்டாம். உட்புறத்தை வெளியே திருப்பி, தலையணையின் அளவுக்கு மேலே ஒன்று, பக்கங்களில் இரண்டு என மூன்று கோடுகள் தையுங்கள். கீழ் விளிம்பு திறந்தே இருக்கட்டும், தலையணை அதன் வழியாக உள்ளே போகும். மறுபடி திருப்பினால் கைகளும் கழுத்தும் உள்ளே மறைந்துவிடும். தையலை நீளமாகப் போடுங்கள். என்றாவது பிரித்தால் அப்பாவின் டி-ஷர்ட் முழுதாகத் திரும்பக் கிடைக்கும்.