தங்கம் பச்சையாக ஒளிருமா?

(இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், உலோகச் சேர்மங்களின் படிகங்களை முப்பது வருடத்துக்கும் மேல் ஆராய்ந்து ஓய்வு பெற்ற சென்னை வேதியியல் பேராசிரியை.)

கேள்வி: எம்.எஸ்ஸி. முடித்த என் மகள் படிகவியலில் பி.எச்டி. சேரப்போகிறேன் என்கிறாள். எனக்கு ஸ்படிக மாலை விற்கிற கடைதான் ஞாபகம் வருகிறது. இதில் அப்படி என்ன படிப்பு இருக்கிறது, மேடம்?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: என் மாமியார் கடைசிவரை சொந்தக்காரர்களிடம் 'மருமக கல்லுக்குப் படிக்கிறா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதிலும் பெரிய தப்பில்லை.

டைமண்ட் கற்கண்டு இல்லாமல், நூலில் கோத்தாற்போல வருமே, அந்தப் பழைய கற்கண்டை எடுத்துப் பாருங்கள். பாகில் நூலைத் தொங்கவிட்டால் சர்க்கரை அதைப் பிடித்துக்கொண்டு அடுக்கடுக்காக வளர்கிறது. உள்ளே மூலக்கூறுகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. அதன் மேல் எக்ஸ் கதிரை விட்டால் மறுபக்கம் புள்ளி புள்ளியாக விழும். எந்தப் புள்ளி எங்கே, எவ்வளவு அழுத்தமாக விழுந்தது என்று கணக்குப் போட்டு எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வதுதான் படிப்பு. 1912-ல் மியூனிக்கில் முதல்முதலாக இப்படிப் புள்ளி விழவைத்தது மயில்துத்தப் படிகம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் பசையில் போட்டுக் காய்ச்சுவார்களே, அதே மயில்துத்தம்.

நம் ஊருக்கும் இதில் நல்ல பங்கு உண்டு. 1952-ல் முப்பதை ஒட்டிய வயதில் இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நம் தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசை. அதற்குக் கங்காரு வாலின் நாண் கொடுத்தது அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். 1954-ல் சக ஆராய்ச்சியாளர் கோபிநாத் கர்த்தாவும் அவரும் சேர்ந்து அது மூன்று இழை என்று எழுதினார்கள். மகளைத் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடி மட்டும் நல்லதாக வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: உஸ்மான் ரோடு நகைக்கடையில் வேலை பார்க்கிறேன். தங்கம் தானாகவே ஒளிவிடும் என்று எங்கோ படித்தேன். உண்மையா அம்மா?
– ஒரு விற்பனையாளர், தி. நகர்

பதில்: உங்கள் கடைத் தங்கம் ஒளிவிடாது. ஷட்டரை இறக்கி விளக்கை அணைத்துவிட்டால் அதுவும் இருட்டுதான். உங்கள் முதலாளி மேலே அத்தனை விளக்குப் போட்டிருப்பது பின்னே எதற்கு?

ஆனால் தங்கம் ஒரு சேர்மத்துக்குள் போய்விட்டால் கதை மாறுகிறது. அங்கே தங்க அணுக்கள் நேர்மின் சுமையோடு இருக்கும். ஒன்றையொன்று விலக்க வேண்டும், அதுதான் நியாயம். ஆனால் பல படிகங்களில் அவை நெருங்கி வந்து, சுமார் 3 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் வரிசையாக நிற்கின்றன. (ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடி ஆங்ஸ்ட்ராம்.) காரணம் ஐன்ஸ்டைன் பக்கம் போகிறது. தங்கத்தின் அணுக்கருவில் 79 புரோட்டான்கள் இருப்பதால், உள்சுற்று எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் ஓடுகின்றன. அதனால் அணுவின் எலக்ட்ரான் கூடு சற்றுச் சுருங்கி, தங்க அணுக்களுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஓர் ஈர்ப்பு வந்துவிடுகிறது. தங்கம் வெள்ளிபோல் வெள்ளையாக இல்லாமல் மஞ்சளாக இருப்பதும் இதனால்தான். உங்கள் தொழிலே சார்பியல் கொள்கையில்தான் நடக்கிறது, போங்கள்.

இந்த நெருக்கம்தான் பல தங்கச் சேர்மங்களை ஒளிரவைக்கிறது. அதற்கு நான் வகுப்பில் சலிக்காமல் சொன்ன உதாரணம் ஒன்று உண்டு. 2003-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரத்து வேதியியலாளர்கள் ஒரு தங்கச் சேர்மத்தைப் பற்றி எழுதினார்கள். ஒரே சேர்மம், இரண்டு விதமான படிகம். ஒன்று நிறமற்றது, புறஊதா விளக்கில் காட்டினால் நீலமாக ஒளிர்கிறது. இன்னொன்று மஞ்சள், அது பச்சையாக ஒளிர்கிறது. இரண்டையும் கரைத்தால் ஒரே மாதிரி நிறமற்ற கரைசல், ஒளியே கிடையாது! மூலக்கூறில் வித்தியாசம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு நெருங்கி உட்கார்ந்தான் என்பதில்தான் வித்தியாசம். நிறமற்றதில் தங்க அணுக்கள் நேர்கோட்டில், 3.18 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் நிற்கின்றன. மஞ்சளில் அந்தக் கோடு வளைந்து, இடைவெளி 2.97-க்கு வந்துவிடுகிறது. 0.2 ஆங்ஸ்ட்ராம்தான், நீலம் பச்சையாகிவிட்டது. படிகத்தை அளந்து பார்க்காமல் வெறும் சேர்மத்தின் பெயரை மட்டும் எழுதிவைத்திருந்தால் இது யாருக்கும் பிடிபட்டிருக்காது.

கேள்வி: எக்ஸ்ரே தற்செயலாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டதாமே?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: ஆமாம். 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மன் இயற்பியலாளர் ரான்ட்ஜனின் இருட்டறையில், கண்ணுக்குத் தெரியாத எக்ஸ் கதிர் பட்டு, ஓர் அட்டைத் திரை தானாக மினுங்கியது. அதில் பூசியிருந்தது பேரியம் பிளாட்டினோசயனைடு. அதுவும் ஒளிரும் உலோகச் சேர்மம்தான். இட்லித் தட்டுகள்போல ஒன்றின் மேல் ஒன்றாகப் பிளாட்டினம் அடுக்கியிருக்கும். எக்ஸ் கதிரால் படிகத்தை அளந்தேன், படிகம் ஏன் ஒளிர்கிறது என்று தேடினேன். என் பிழைப்பின் இரண்டு பாதியும் அந்த ஒரே அறையில் இருந்திருக்கின்றன.

கேள்வி: மூன்று மாதமாகப் படிகம் வளர்க்கிறேன். பொடியும் பிசினும்தான் வருகின்றன. கைடு திட்டுகிறார். என்ன செய்யலாம், மேடம்?
– ஆராய்ச்சி மாணவர், தாம்பரம்

பதில்: தம்பி, ஈதரா பயன்படுத்துகிறீர்கள்? சின்னக் குப்பியில் கரைசல், அதைப் பெரிய குப்பிக்குள் வைத்துச் சுற்றிலும் ஈதர் (உங்கள் சேர்மத்தைக் கரைக்காத திரவம்), மேலே மூடி. ஈதர் ஆவி மெல்ல மெல்லக் கரைசலுக்குள் இறங்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். எழுதியவர் குளிர்நாட்டுக்காரர். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. மே மாதம், ஏ.சி. இல்லாத சென்னை அறையில் 'மெல்ல' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே மூச்சில் உள்ளே போய் எல்லாவற்றையும் பொடியாகத் தள்ளிவிடும். இது புரியாமல் நான் இரண்டு கோடையை வீணடித்தேன்.

ஹெக்சேனுக்கு மாறுங்கள், அது 69 டிகிரி வரை தாங்கும். ஒரு என்.எம்.ஆர். குழாயில் (ஒல்லியான கண்ணாடிக் குழாய்தான்) முதலில் டைகுளோரோமீத்தேன் கரைசல். அதன் மேல் சிரிஞ்சால், குழாயின் சுவரோரமாக, ஹெக்சேன். இரண்டுக்கும் நடுவே கோடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கை நடுங்கிவிட்டது என்று அர்த்தம், மறுபடி செய்யுங்கள். வேக்யூம் பம்ப் ஓடுகிற மேஜையில் வைக்காதீர்கள். முக்கியமாக, தினமும் எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்க்காதீர்கள். பத்து நாள் அதை மறந்துவிடுங்கள்.

பெரிதாக வரவேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். பொடி ரவையில் ஒரு மணி அளவு, 0.2 மில்லிமீட்டர் போதும். எடுத்ததும் போலரைசர் (ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் வடிகட்டி) உள்ள மைக்ராஸ்கோப்பில் வைத்துச் சுழற்றுங்கள். முழுப் படிகமும் ஒரே நேரத்தில் இருண்டு, ஒரே நேரத்தில் வெளுக்க வேண்டும். பாதி மட்டும் இருண்டால் இரண்டு படிகம் ஒட்டிப் பிறந்திருக்கிறது. அதை எக்ஸ் கதிர் மெஷினில் ஏற்றி நேரத்தைப் பாழாக்காதீர்கள். கைடு திட்டுவதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: உங்கள் ஆராய்ச்சியில் மறக்க முடியாத நாள் எது?
– ஒரு கல்லூரி மாணவி, ராயப்பேட்டை

பதில்: நாள் இல்லை, ஒரு சாயங்காலம். காப்பர் அயோடைடையும் பிரிடினையும் சேர்த்து ஒரு சேர்மம் செய்திருந்தேன். (பிரிடின் நாற்றம் சேலையில் ஏறிக்கொள்ளும். மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டியில் பக்கத்து சீட் தானாகக் காலியாகும்.) நான்கு காப்பர், நான்கு அயோடின், ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளில். ஒவ்வொரு காப்பருக்கும் ஒரு பிரிடின். புறஊதா விளக்கில் நல்ல மஞ்சளாக ஒளிர்ந்தது.

அட்டெண்டர் அப்போதுதான் பிளாஸ்கில் திரவ நைட்ரஜன் கொண்டுவந்தார். விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டுக் குழாயை அதில் முக்கினேன். மைனஸ் 196 டிகிரி. மஞ்சள் மங்கி, அடியிலிருந்து நீலம் ஏறியது. வெளியே எடுத்துப் பிடித்தால் சூடேற ஏற மஞ்சள் திரும்பி வந்தது. "மத்தாப்பு மாதிரி இருக்கேம்மா, இன்னொரு தடவை" என்றார் அவர். பிளாஸ்க் காலியாகும்வரை இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று இருவரும் விளையாடினோம். மறுநாள் ஒரு படிகத்தைக் குளிரவைக்க நைட்ரஜன் இல்லை. என் தப்புதான், யாரிடமும் சொல்லவில்லை.

அறிவியலுக்கு இது புதுச் செய்தி இல்லை. 1970-களிலேயே ஜெர்மனியில் எழுதிவிட்டார்கள். வெளிச்சம் வெளியேற இரண்டு வாசல். மஞ்சள் வாசலுக்குப் போக ஒரு சின்னப் படி ஏற வேண்டும். குளிரில் ஏற முடியாமல் நீல வாசலிலேயே வெளியேறிவிடுகிறது, அவ்வளவுதான். தெரிந்தே செய்தாலும் கண்ணால் பார்ப்பது வேறு.

கேள்வி: கள்ளநோட்டைப் புறஊதா விளக்கில் பிடிப்பதும் இதே சங்கதியா?
– ஒரு கடைக்காரர், பாரிமுனை

பதில்: ஏறக்குறைய இதேதான். யூரோ நோட்டில் சிவப்பாக ஒளிர்வது யூரோப்பியம் என்கிறார்கள். ஐரோப்பா பெயரிலேயே தனிமம் கிடைத்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு பொழுது எப்படிப் போகிறது அம்மா?
– ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: பேரனோடு படிகாரம் வளர்க்கிறேன். வெந்நீரில் கரையும்வரை கரைத்து, ஆறியதும் ஒரு சின்ன மணியை நூலில் கட்டி டம்ளரில் தொங்கவிட்டோம். மூன்று வாரத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு வந்துவிட்டது. எட்டு முகமும் பளபளவென்று, ஜியாமெட்ரி பாக்ஸ் வைத்துச் செதுக்கினாற்போல.

போன ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்யும்போது என் வீட்டுக்காரருக்குக் கன்னத்தில் கீறிவிட்டது. டம்ளரிலிருந்து படிகாரத்தை எடுத்து நன்றாகத் தேய்த்துக்கொண்டு, அலம்பித் திரும்பவும் வைத்துவிட்டார். ஒரு முனை முழுக்க மழுங்கிப்போயிற்று. பேரன் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டான். நூலை மாற்றிக் கட்டிப் புதுக் கரைசலில் விட்டிருக்கிறேன். இன்று காலை பார்த்தேன், மழுங்கின முனை திரும்ப வளர ஆரம்பித்திருக்கிறது.